செஸ்ஸுக்கு மார்க் போடலாமா?

போன இதழில் என் பழைய பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதும்போது, "பீரோவில் பூட்டியே கிடந்த செஸ் போர்டுகள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். அதனால் இந்த இதழில் வாசகர் கேள்விகள் எல்லாமே செஸ்தான். புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: நான் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். செஸ் கோச் அல்ல, ஆட்டக்காரர்களுக்குத் தருகிற தரப்புள்ளியான ரேட்டிங்கும் கிடையாது. பி.இ.டி. (உடற்கல்வி) டீச்சர் பணியிடம் காலியாக இருந்ததால் வட்டார அளவுப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிற வேலை என் தலையில் விழுந்தது. அப்போது எனக்கு 41 வயது. கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒருத்திதான் எனக்குக் குதிரை எப்படிப் போகும் என்று சொல்லிக்கொடுத்தாள்.

கேள்வி: என் மகன் தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். செஸ் வகுப்புக்குத் தனியாகப் பணம் கட்டச் சொல்கிறார்கள். "செஸ் கற்றால் கணக்கு தானாக வரும்" என்று நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். சேர்க்கலாமா?
*ஒரு தாய், திருவண்ணாமலை*

செஸ்ஸுக்காக என்றால் சேருங்கள் அம்மா. கணக்குக்காக என்றால் அந்தப் பணத்துக்குப் பழம் வாங்கிக் கொடுங்கள்.

நான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 100 தொடக்கப் பள்ளிகள், ஏறக்குறைய 4,000 பிள்ளைகள், எல்லோரும் உங்கள் மகன் வயதுதான். சீட்டுக் குலுக்குவதுபோல் பள்ளிகளைப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குப் பள்ளி நேரத்திலேயே வருடம் முழுக்க 30 மணி நேரம் செஸ், மற்றவர்களுக்கு வழக்கமான வகுப்பு. அது முடிந்து ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கத்துப் பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண்களையும் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் இல்லை. வாசிப்பிலும் இல்லை, அறிவியலிலும் இல்லை. 2016-ல் அறிக்கை வந்தது.

பிறகு எப்படி இந்த நம்பிக்கை வந்தது? கணக்கு நன்றாக வருகிற பிள்ளைகள்தான் பெரும்பாலும் செஸ் கிளப்பில் சேருகிறார்கள். சேர்ந்த பிறகு அவர்கள் வாங்குகிற நூற்றுக்கு நூறை செஸ் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம். எனக்குக் குதிரையைக் கற்றுக்கொடுத்த பிள்ளை மூன்று நகர்வு முன்னால் பார்ப்பாள். காலாண்டில் கணக்கில் 38. பின்னத்தைப் பார்த்தால் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆட்டத்தில் பார்க்கிற பார்வை பின்னத்துக்குத் தாவவில்லை. பின்னத்துக்குப் பின்னம்தான் போட்டுப் பழக வேண்டும்.

அப்புறம் எதற்கு செஸ் என்று கேட்பீர்கள். பாட்டு கற்றால் வேதியியல் வருமா என்று யாரும் கேட்பதில்லையே, செஸ்ஸை மட்டும் ஏன் கேட்கிறோம்? நல்ல ஆட்டம். 40 நிமிடம் இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி யோசிக்கும்வரை இன்னொருத்தி வாயை மூடிக்கொண்டு காத்திருப்பாள். தோற்றால் வினாத்தாள் கஷ்டம், டீச்சர் ஓரவஞ்சனை என்று பழிபோட ஆள் கிடையாது. எங்கள் பள்ளியில் எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருப் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடும் என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. செஸ்ஸில் ஜோடியைச் சீட்டுப் போட்டுத்தான் எடுப்பேன். ஆட்டம் முடிந்து கை குலுக்கியே ஆக வேண்டும். எனக்கு இது போதுமான காரணம்.

கேள்வி: 2025 மார்ச் தமிழ்நாடு பட்ஜெட்டில் செஸ்ஸைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பதாக அறிவித்தார்கள். ஆர்மீனியா நாட்டில் செஸ் கட்டாயப் பாடமாமே. நாமும் அப்படிச் செய்யலாமா?
*கல்லூரி மாணவர், விருதுநகர்*

ஆர்மீனியாவில் 2011 முதல் இரண்டாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை செஸ் கட்டாயம், உண்மைதான். அது சென்னையை விடக் குறைந்த ஜனத்தொகை உள்ள நாடு. 1963-ல் உலகச் சாம்பியனான டிக்ரான் பெட்ரோசியன் அவர்கள் இனத்துக்காரர் என்பதால் ஊரே செஸ் பைத்தியம். அதோடு, இந்தத் திட்டம் தொடங்கியபோது நாட்டின் அதிபர்தான் செஸ் சம்மேளனத்துக்கும் தலைவர். அப்படி ஒரு கூட்டணி எல்லா ஊரிலும் வாய்க்காது.

நம் ஊர்க் கதையைச் சொல்கிறேன். 2013-ல் ஆனந்தும் கார்ல்சனும் சென்னையில் உலகச் சாம்பியன் பட்டத்துக்கு மோதினார்கள். அந்த நேரத்தில் ஏழு வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் செஸ் என்று அரசு திட்டம் கொண்டுவந்தது. நல்ல திட்டம். எங்கள் பள்ளிக்கும் போர்டுகள் வந்தன. ஆனந்த் தோற்றார், போட்டி முடிந்தது, கொஞ்ச நாளில் போர்டுகள் பீரோவுக்குள் போயின. தொலைந்தால் யார் கணக்குச் சொல்வது என்ற பயம். பிள்ளைகள் தொட்டுத் தேய்ந்தால் குற்றம், தொடாமல் பூச்சி அரித்தால் குற்றமில்லை! 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் வந்தது, வேட்டி கட்டிய குதிரைத் 'தம்பி' ஊரெங்கும் போஸ்டரில் நின்றார், பள்ளிக்குப் பள்ளி போட்டி வைக்கச் சொன்னார்கள். அப்போதுதான் பீரோ மறுபடி திறந்தது. சில பெட்டிகளில் ஒன்பது வருடத்துப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.

ஆகவே பாடத்திட்டத்தில் சேர்க்கட்டும், எனக்குச் சந்தோஷம்தான். வாரத்துக்கு ஒரு பீரியட் என்று டைம்டேபிளில் இடம் கொடுத்தால் பீரோ திறந்தே இருக்கும். ஒரே ஒரு வேண்டுகோள்: மார்க் போடாதீர்கள். மார்க் என்று வந்துவிட்டால் அடுத்த மாதமே கைடு வரும். "யானை எவ்வாறு நகரும்? இரண்டு மதிப்பெண்." "கோடிட்ட இடத்தை நிரப்புக: குதிரை ____ வடிவில் செல்லும்." போர்டைத் தொடாமலே செஸ்ஸில் நூறு வாங்குகிற பிள்ளைகளை நாம் உருவாக்கிவிடுவோம். அந்தத் திறமை நம்மிடம் உண்டு. நானே முப்பது வருடம் அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தேன்.

கேள்வி: நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர். 10 போர்டு கொடுத்து செஸ் சொல்லிக்கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். வகுப்பில் 45 பேர். எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும். எங்கே தொடங்குவது?
*ஆசிரியர், அரியலூர் மாவட்டம்*

தம்பி, அரைகுறையாகத் தெரிந்தது உங்கள் அதிர்ஷ்டம். நன்றாக ஆடுகிறவர்கள் முதல் நாளே ஓப்பனிங் (ஆட்டத்தைத் தொடங்கும் முறை) பெயர்களைச் சொல்லிப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிடுவார்கள்.

முதல் வகுப்பில் காயே வேண்டாம், வெறும் போர்டு போதும். குறுக்கே ஏ முதல் எச் வரை, நெடுக்கே 1 முதல் 8 வரை. "இ-4 எங்கே?" என்று கேளுங்கள், ஓடி வந்து விரல் வைக்கட்டும். ஆறாம் வகுப்புக்கு மேல் என்றால் இன்னொரு கேள்வி: இந்தப் போர்டில் மொத்தம் எத்தனை சதுரம்? எல்லோரும் 64 என்று கத்துவார்கள். இல்லை, பெரிய சதுரங்களையும் எண்ணு என்று சொல்லிவிட்டு ஜன்னல் ஓரமாய்ப் போய் நின்றுகொள்ளுங்கள். விடை 204. ஒன்று, நான்கு, ஒன்பது என்று அறுபத்து நான்கு வரை வர்க்கங்களைக் கூட்டினால் வந்துவிடும். ஆனால் நீங்கள் சொல்லாதீர்கள். எங்கள் பிள்ளைகள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் வகுப்பில் சிப்பாய் மட்டும். எட்டுக்கு எட்டு. யார் சிப்பாய் முதலில் எதிர்க்கோடியைத் தொடுகிறதோ அவர்கள் ஜெயித்தார்கள். நேரே நகரும், குறுக்கே வெட்டும் என்ற ஒரே விஷயத்துக்குப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் பிடிக்கும், அவசரப்படாதீர்கள். ஒரு போர்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். மாற்றி மாற்றி நகர்த்த வேண்டும், கூட்டாளியோடு பேசக் கூடாது. 10 போர்டுக்கு 40 பேர் ஆயிற்றா? மீதி ஐந்து பேர் நடுவர்கள். நடுவர் வேலைக்கு வகுப்பிலேயே அதிகம் பேசுகிற ஐந்து பேரைப் போடுங்கள். ஏன் என்று பிறகு புரியும்.

அடுத்தடுத்த வாரம் யானை, பிஷப், ராணி என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். குதிரையைக் கடைசியில் வையுங்கள். பெயரில் சண்டை வரும், தயாராக இருங்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் பிஷப்பை மந்திரி என்பார்கள், சிலர் ஒட்டகம் என்பார்கள். ராணியையே மந்திரி என்கிற தாத்தாக்களும் உண்டு. நான் எந்தப் பெயரையும் தடுத்ததில்லை, ஒட்டகம் குறுக்கே போனால் சரி.

இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஒன்று, தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும். "சும்மா தொட்டேன் சார்" என்று அழுவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு, நாலு மூவ் மேட். கோச்சிங் போய்வருகிற ஒரு பிள்ளை வகுப்பில் இருப்பான். ராணியையும் பிஷப்பையும் வெளியே கொண்டுவந்து எஃப்-7 சிப்பாயைக் குறிவைத்து நாலே நகர்வில் எல்லோரையும் கவிழ்த்துவிடுவான். மற்ற பிள்ளைகள் "எனக்கு மூளையே இல்லை" என்று முடிவு கட்டி ஆட்டத்தை விட்டுவிடுவார்கள். இப்படி நிறைய பிள்ளைகளை நான் இழந்திருக்கிறேன். ராஜா ஆட்டத்துக்கு வந்த வாரமே எல்லோருக்கும் தடுப்பு சொல்லிவிடுங்கள்: ராணி வெளியே வந்தால் முதலில் குதிரையை வைத்து நடுச் சிப்பாயைக் காப்பாற்று, பிஷப் வந்ததும் ஜி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளு. ராணி திரும்பி ஓடும். அந்தக் கோச்சிங் பிள்ளையின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.

நீங்கள் கணக்கு ஆசிரியராக இருந்தால் இதையும் வைத்துக்கொள்ளுங்கள். 1921-ல் ரிச்சர்ட் ரெட்டி என்பவர் ஒரு புதிர் அமைத்தார். போர்டில் நாலே காய்: வெள்ளை ராஜா எச்-8, வெள்ளைச் சிப்பாய் சி-6, கறுப்பு ராஜா ஏ-6, கறுப்புச் சிப்பாய் எச்-5. வெள்ளை ஆட வேண்டும், தோற்காமல் தப்ப வேண்டும். கறுப்புச் சிப்பாய் ராணியாக ஓடுகிறது. நேரே துரத்தினால் பிடிக்க முடியாது. வெள்ளை ராஜாவோ மூலைவிட்டமாக இறங்கி நடக்கிறார். அப்படி நடந்தால் அந்தச் சிப்பாயையும் நெருங்குகிறார், தன் சிப்பாய்க்கும் பக்கத்தில் வருகிறார். கறுப்பு எதைத் தடுத்தாலும் இன்னொன்று நடந்துவிடும், ஆட்டம் டிரா. நம் நோட்டில் மூலைவிட்டம் பக்கத்தைவிட நீளம். ராஜாவின் காலுக்கு இரண்டும் ஒன்றுதான், ஒரு மூலையிலிருந்து பக்கத்து மூலைக்கும் ஏழு அடி, எதிர் மூலைக்கும் ஏழு அடி. பிதாகரஸ் செல்லாத ஊர்! இதை நான் முதலில் புரிந்துகொண்ட அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

கேள்வி: பிள்ளைகள் ஏற்கெனவே நாள் முழுக்க உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். இன்னும் ஓர் உட்கார்ந்த ஆட்டமா? கபடி, கோ-கோ எங்கே போயிற்று? ஆனால் நம் திருப்பூவனூரில் சிவனே சதுரங்கம் ஆடியிருக்கிறார் என்பதால் கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்கிறேன்.
*ஓய்வு பெற்ற தபால்காரர், கும்பகோணம்*

ஐயா, உங்கள் கோபம் நியாயம். அதில் எனக்கும் பங்குண்டு. பி.இ.டி. பீரியடை "போர்ஷன் முடியவில்லை" என்று வாங்கி இயற்கணிதம் நடத்திய பாவி நான். பிள்ளைகள் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுவார்கள். பட்ஜெட் அறிவிப்பில் உடற்கல்விப் பாடத்திட்டத்தைத் திருத்தி செஸ்ஸைச் சேர்ப்பதாகச் சொன்னபோது எனக்கும் அங்கேதான் உறுத்தியது. மைதானத்து நேரத்தைப் பிடுங்கி செஸ்ஸுக்குக் கொடுத்தால் நான் செஸ்ஸுக்கு எதிர்க்கட்சி. வேண்டுமானால் கணக்கிலிருந்து ஒரு பீரியட் எடுத்துக்கொள்ளட்டும். வாரத்துக்கு ஏழெட்டு வைத்திருக்கிறோம், ஒன்று போனால் யாரும் கெட்டுவிட மாட்டார்கள்.

திருப்பூவனூர் எங்களுக்கு நீடாமங்கலத்தை ஒட்டிய ஊர். அப்பர் பாடிய தலம், சுவாமி பெயரே சதுரங்க வல்லபநாதர். ராஜகுமாரியைச் சதுரங்கத்தில் ஜெயிக்க ஆளே இல்லை, சிவன் சித்தர் வேடத்தில் வந்து ஜெயித்து மணந்துகொண்டார் என்று தலபுராணம். எல்லோரும் சிவன் ஜெயித்ததைச் சொல்கிறார்கள். அவர் வரும்வரை அந்தப் பெண் எல்லோரையும் தோற்கடித்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு. ஏழாவது வரை மாவட்டப் போட்டிக்குப் போனேன். இப்போது வீட்டில் அனுப்புவதில்லை. "பெண்களுக்கு செஸ் அவ்வளவாக வராது" என்று மாமா சொல்கிறார். உண்மையா டீச்சர்?
*மாணவி, நாமக்கல்*

கண்ணு, 2002-ல் ஜூடிட் போல்கார், உலகத்தின் முதல் இடத்தில் இருந்த காஸ்பரோவை ஜெயித்தார். 2024-ல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்தியப் பெண்கள் அணி தங்கம் வாங்கியது. அதில் ஆடிய சென்னை வைஷாலி கிராண்ட்மாஸ்டர். இதையெல்லாம் மாமாவிடம் சொல். கேட்கவில்லை என்றால் ஒரு போர்டை எடுத்துக்கொண்டு போய் "வாங்க மாமா, ஒரு கை போடலாம்" என்று கூப்பிடு.

ஆனால் உன் சிக்கல் மாமா இல்லை என்று நினைக்கிறேன். போட்டி ஞாயிற்றுக்கிழமை, வேறு ஊரில், முடிய இருட்டிவிடும். பையன் என்றால் பஸ் ஏற்றி விடுகிறார்கள், உன்னோடு யாராவது வர வேண்டும். எங்கள் பள்ளியிலும் எட்டாவதோடு நின்ற பிள்ளைகள்தான் அதிகம். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினால் பாதிப்பேர் அனுப்புவார்கள், டீச்சரும் கூட வருகிறார் என்று தெரிந்தால் போதும். உன் பள்ளியில் ஒரு டீச்சரைப் பிடி. செஸ் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றில்லை, அம்மாவுக்கு நம்பிக்கையானவராக இருந்தால் சரி.

கேள்வி: குகேஷ் நான்காம் வகுப்போடு வழக்கமான பள்ளிக்குப் போவதை நிறுத்தியவர். என் மகனும் எட்டு வயதில் நன்றாக ஆடுகிறான். நாங்களும் நிறுத்திவிட்டு முழு நேரம் செஸ்ஸில் விடலாம் என்று பார்க்கிறோம்.
*ஒரு தந்தை, கோவை*

வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்கிறேன்.

குகேஷ் 2013-ல், ஏழு வயதில் ஆரம்பித்தார். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான். 12 வயதில் கிராண்ட்மாஸ்டர், 18 வயதில் சிங்கப்பூரில் டிங் லிரெனை ஜெயித்து உலகச் சாம்பியன். அவருக்காக டாக்டரான அப்பா தன் தொழிலையே நிறுத்திக்கொண்டு கூடவே ஊர் ஊராகப் போனார். இது ஒரு கதை. இன்னொன்றையும் பாருங்கள். நம் தமிழ்நாட்டுக்காரரான ஷியாம் நிகில் 2012-லேயே 2500 ரேட்டிங்கைத் தொட்டு, கிராண்ட்மாஸ்டருக்கு வேண்டிய மூன்று நார்மில் (பெரிய போட்டியில் நன்றாக ஆடிப் பெறும் தகுதி) இரண்டை வாங்கிவிட்டார். மூன்றாவது கிடைத்தது 2024-ல், துபாயில். இந்தியாவின் 85-வது கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவருக்கு வயது 31. ஒரே ஒரு நார்முக்குப் பன்னிரண்டு வருடம். இத்தனைக்கும் அவர் அந்த எண்பத்தைந்து பேரில் ஒருவர். அந்த எண்ணிக்கைக்கு வெளியே நிற்கிறவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதாது.

பள்ளியில் இருந்துகொண்டே ஆடட்டும். பையன் உலக அளவில் தன் வயதில் முன்னால் வந்துவிட்டான், பள்ளி உண்மையிலேயே குறுக்கே நிற்கிறது என்ற நாள் வந்தால் அதை உங்களுக்கு முன்னால் அவனுடைய கோச்சே சொல்வார். சம்பளத்துக்காகச் சொல்லாத கோச்சாகப் பார்த்துக் கேளுங்கள்.

கேள்வி: போர்டு எதற்கு? மொபைலிலேயே ஆடலாமே?
*ஒன்றுக்கு மேற்பட்டவர்கள்*

ஆடலாம். ஒரு நிமிட ஆட்டம் மட்டும் வேண்டாம், அதில் விரல்தான் யோசிக்கிறது. தப்பாகத் தட்டிவிட்டால் ஆளைப் பார்க்காமலே அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடலாம் என்பதும் எனக்குப் பிடிக்காத ஒன்று.

கேள்வி: எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஆடிய பழைய செஸ் செட்டுகள் நாலைந்து இருக்கின்றன. ஏதாவது அரசுப் பள்ளிக்குக் கொடுக்கலாமா?
*வாசகி, மதுரை*

தாராளமாகக் கொடுங்கள். கொடுக்கும் முன் ஒவ்வொரு பெட்டியிலும் 32 காய் இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள். சிப்பாய் குறைந்தால் பரவாயில்லை. நாங்கள் கறுப்புக்குப் புளியங்கொட்டையும் வெள்ளைக்குச் சாக்பீஸ் துண்டும் வைத்து வருடக்கணக்கில் ஓட்டினோம். குதிரைதான் கஷ்டம். பொம்மை மாதிரி இருப்பதால் முதலில் காணாமல் போவது அதுதான். யாராவது தங்கச்சிக்கு என்று பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு போயிருப்பாள். உங்கள் வீட்டில் தனியாகக் கிடக்கும் குதிரைகள் இருந்தால் எந்த நிறமானாலும் சேர்த்தே அனுப்புங்கள்.